நாற்பத்தொன்றுக்குப் பத்து

எல்கோவுக்கு வடக்கே,
ஐந்நூறு காலன் தண்ணீரை இழுத்துக்கொண்டு
மூன்றாவது கியரில் மூச்சு வாங்கி
இரண்டாவதில் இருமி
மேட்டின் பாதியில் நின்றேவிட்டது பிக்கப்.
மலைமேல் எழுநூறு ஆடுகள்.
போனில் ஃபௌஸ்தோ:
"நாளை மதியம் வரை தாங்கும், செஞோரா.
அதற்கு மேல் நான் என்ன சொல்ல."

பின்அச்சில் இருந்தது
முப்பத்தொன்பதுக்குப் பதினொன்று.
சமவெளியில் சட்டை மடிப்புக் கலையாமல் போகிறவன் கணக்கு அது.
எனக்கு வேண்டியது நாற்பத்தொன்றுக்குப் பத்து.
பினியனில் ஒரு பல் குறைந்தால்
மலை கொஞ்சம் குனியும்.

தங்கச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து
முகம் கழுவாமல் வந்தாள் வெர்னா.
அவள் பழுது பார்க்கும் லாரிகளின் டயருக்குள்
என் சமையலறை நின்றுவிடும்.
ஹவுசிங்கைத் திறந்து எட்டிப் பார்த்து,
"இது பொம்மை" என்றாள்.
கியர் ஆயில் வாடைக்கு நாய் எழுந்து போய்விட்டது.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதாம்.
இது எழுபது டாலர் கொடுத்து
கவிழ்ந்த வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது.
பார்த்தேன்.
ஆட்டின் வயதைப் பல்லில் படிக்கிறவள் நான்:
இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது.
இவற்றுக்கு இன்னும் வயது இருந்தது.

ரொட்டி அடுப்பில் பேரிங்கைச் சூடாக்கினோம்.
மூடிகளில் இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு.
பிறகு அந்த ஸ்லீவ்:
விரல் நீளம்கூட இல்லாத இரும்புக் குழல்,
இரண்டு பேரிங்குக்கும் நடுவே
ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகச் செய்தது.
ஆறடிக் குழாயை மாட்டி
வெர்னா சாய்ந்தாள்.
இருபதில் நிற்கவேண்டிய முள்
நாற்பதைத் தாண்டிக் கிடந்தது.

தளர்த்தினால் திரும்பாது. அவளுக்குத் தெரியும்.
கையுறையைக் கழற்றித்
தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்
யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

பதினொரு டாலர் குழலுக்கு அறுபது மைல்.
பூட்டிய கடையை, வாயில் சாண்ட்விச்சோடு
திறந்து கொடுத்தார் ஒருவர்.
மூன்று வாங்கினேன்.
திரும்பும் வழியெல்லாம் வெர்னா
கண்ணாடியில் நெற்றி முட்ட உறங்கினாள்.

"நீ பிடி" என்றாள், வந்ததும்.
"குட்டி குறுக்கே விழுந்தால்
உள்ளே கைவிட்டுத் திருப்புவாயே, அந்தக் கை."
பிடித்தேன். ஒரு இழை. அளந்தாள்: ஒன்பது.
ஒரு இழை. பதின்மூன்று.
வியர்வை கண்ணில் இறங்கியது.
பதினேழு.
இன்னொரு மூச்சு.
"எடு கையை!"

மஞ்சள் மை தடவிச் சுற்றினோம்.
பல்லின் நடுவில், பயறு அளவில்,
சுத்தமாக ஒரு தடம்.
பத்தில் அடங்காதது நாற்பத்தொன்று;
அதனால் ஒவ்வொரு பல்லும்
எதிரே உள்ள எல்லாவற்றையும் ஒரு சுற்று கடித்துப் பார்த்துத்தான்
பழைய பல்லிடம் வரும் என்றாள் வெர்னா.
நசுங்கிய ஸ்லீவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

காலையில் மேடு
மூன்றாவது கியரிலேயே முடிந்தது.
அப்பால், விளக்கைச் சுழற்றி நிறுத்தினார் டெப்யூட்டி.
"வேகத்துக்காக இல்லை அம்மா,
பின்னால் ஒன்பது வண்டி நிற்கிறது."
அறுபதில் வந்தேன் என்றேன்.
ஐம்பத்திரண்டு என்றார்.
மீட்டருக்கு யாரும் சொல்லவில்லை,
அது இன்னும் பழைய பல்லில் எண்ணிக்கொண்டிருந்தது.
இனி என் வண்டி
போகாத மைல்களையும் கணக்கில் வைக்கும்.

மேலே போய் ஹாரன் அடித்தேன்.
ஆடுகள் தலை தூக்கின, வரவில்லை.
பழைய முனகலுக்கு ஓடிவருகிறவை;
இந்தப் புதிய சுருதி எவளுடையதோ.
தாகத்தோடு, சந்தேகத்தோடு,
நாற்பது கஜம் தள்ளி நின்றன.
ஃபௌஸ்தோ குழாயைத் திறந்தார்.
தகரத் தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தம் மட்டும்
அதே சத்தம்.